எலும்பிடம் கேட்கப்படும் கேள்விகள்

மறுப்பும் ஓர் இலக்கிய வகைதான். அதற்கென்று ஒரு நடை இருக்கிறது, பழகிப்போன உத்திகள் இருக்கின்றன, அதை விரும்பி வாசிக்கும் வாசகர் கூட்டமும் இருக்கிறது. ஆகவே ஒரு சிறுகதைத் தொகுதியை எப்படி வாசிப்போமோ அப்படியே அதையும் வரிவரியாக வாசிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். எம்மவர்கள் அதைச் செய்வதில்லை. ‘பொய்’ என்று ஒரு சொல்லில் தூக்கி எறிந்துவிட்டு, மே மாதம் வந்ததும் மெழுகுதிரி கொளுத்தப் போய்விடுகிறார்கள். மறுப்பவனோ சாவதானமாக அடுத்த பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருக்கிறான்.

இந்த வகையின் முதன்மையான பிரதி, இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு 2011 ஆகஸ்றில் வெளியிட்ட ‘மனிதாபிமான நடவடிக்கை: உண்மைகளின் ஆய்வு’ என்ற ஆங்கில அறிக்கை. அந்த வருடம் யூனில் பிரித்தானியாவின் சனல் 4 ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ விவரணப்படத்தைக் காட்டியிருந்தது. அதற்கு மறுமொழியாக ‘ஒத்துக்கொள்ளப்பட்ட பொய்கள்’ என்று ஒரு படத்தையும் அமைச்சு தயாரித்தது. படத்தை விடுவோம். அறிக்கையில் ஓரிடம் கவனிக்கத்தக்கது. இவ்வளவு பெரிய சண்டையில், இப்படிப்பட்ட எதிரியோடு மோதும்போது, பொதுமக்கள் இழப்பை முற்றாகத் தவிர்ப்பது சாத்தியமில்லை என்று அதில் ஒப்புக்கொள்கிறார்கள். அதுவரை அரசு சொல்லிவந்தது ‘பொதுமக்கள் இழப்பு பூச்சியம்’ என்பது. இடையில், 2009 யூலையில், வன்னியில் கடைசிவரை வேலைசெய்த அரச வைத்தியர்களைக் காவலில் வைத்தபடியே கொழும்பில் பத்திரிகையாளர் முன் இருத்தி, 650 முதல் 750 பேர் வரை இறந்திருக்கலாம் என்று சொல்லவைத்தார்கள். 2012 இல் அரசின் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட வட மாகாணக் கணக்கெடுப்பில் இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 9,000 பேர் வந்தார்கள். பூச்சியம், எழுநூறு, தவிர்க்கமுடியாதது, ஒன்பதாயிரம். மூன்று வருடத்துக்குள் ஒரே கதைசொல்லி! ஒரு நாவலில் இப்படி வந்தால் ஆசிரியருக்கு ஞாபகமறதி என்று விமர்சகர் எழுதுவார்.

ஆனால் எண் மாறியது அல்ல இந்தப் பிரதியின் பெரிய ஓட்டை. அது வேறோரிடத்தில் இருக்கிறது. இறந்தவர்களை மறுப்பதற்கு முன்னரே உயிரோடு இருந்தவர்களை மறுத்துவிட்டார்கள். 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் அகப்பட்ட சனம் எழுபதாயிரம், மிஞ்சினால் ஒரு லட்சம் என்று அரசு சொன்னது. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கே அனுப்பப்பட்டன. யுத்தம் முடிந்தபோது மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 290,000 பேர். இவர்கள் மிஞ்சியவர்கள்; செத்தவர்கள் இதற்குள் இல்லை. எங்கள் உணவகத்தில் இரவு கடை பூட்டும்போது கல்லாவில் 70 டொலர் இருக்கவேண்டிய இடத்தில் 290 டொலர் இருந்தால் முதலாளி முதலில் கேட்பது, காலையில் எண்ணியவன் ஆர் என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு அறிக்கையில் மறுமொழி இல்லை. தோண்டவேண்டிய தேவையில்லாத சான்று இது. கடதாசியில், கையெழுத்தோடு, சீல் குத்தியபடி இருக்கிறது.

மறுப்பவர்களுக்கு இப்படியான சான்று பிடிப்பதில்லை. அவர்கள் பௌதிகச் சான்று கேட்பார்கள். எலும்பைக் காட்டு, குண்டைக் காட்டு, படத்தைக் காட்டு. காட்டியதும் அதற்குள் ஒரு துவாரம் தேடுவார்கள்.

2009 ஆகஸ்றில் சனல் 4 காட்டிய ஒளிப்பதிவை எடுத்துக்கொள்வோம். கண்ணும் கையும் கட்டி, உடுப்புக் கழற்றப்பட்ட ஆண்களைச் சுடுகிற காட்சி. போலி என்றது அரசு. தன்னுடைய நிபுணர்களையும் நிறுத்தியது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐ.நா. விசேட அறிக்கையாளராக அப்போது இருந்த பிலிப் அல்ஸ்ரன் துப்பாக்கிச் சான்று, உடற்கூறு, ஒளிப்பதிவு ஆகிய மூன்று துறைகளில் ஒவ்வொரு நிபுணரிடம் அதைக் கொடுத்து, 2010 ஜனவரியில் முடிவை வெளியிட்டார். துப்பாக்கியின் உதைப்பும், உடல்கள் விழுந்த விதமும், இரத்தமும் உண்மையான சூட்டோடு பொருந்துகின்றன என்றார்கள். அதே அறிக்கையில் விளங்காத விடயங்களையும் எழுதினார்கள்: சுடப்பட்ட சிலரின் அசைவுகள், பதிவின் முடிவில் ஆங்கில ‘ஏ’ எழுத்தோடு வருகிற 17 துண்டுக்காட்சிகள், யுத்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து 2009 யூலை 17 என்று பதிவில் இருந்த திகதி. இவற்றால் அது போலியாகிவிடாது என்றும் சொன்னார்கள். கொழும்பு உடனே அந்த மூன்றையும் பிடித்துக்கொண்டது. எம்மவர் சிலருக்கோ, இதையெல்லாம் ஏன் எழுதிக்கொடுத்தார்கள் என்று கோபம். எனக்கு அந்த அறிக்கையில் நம்பிக்கை வந்ததே அந்தப் பக்கத்தில்தான். விளங்காததை விளங்கவில்லை என்று எழுதுகிறவன்தான் விளங்கியதைப் பற்றியும் சாட்சி சொல்லத் தகுதியானவன். 2011 இல், அவருக்குப் பின் வந்த கிறிஸ்ரொவ் ஹெய்ன்ஸ் இன்னும் நீண்ட பதிவைப் பரிசோதிப்பித்து அதே முடிவுக்கு வந்தார்.

துவாரம் தேடும் இந்தக் கலை எமக்கென்று கண்டுபிடிக்கப்பட்டதல்ல. நாங்கள் வந்து குடியேறிய ரொறன்ரோவிலேயே அதன் பிரசித்தமான நாடகம் ஒன்று நடந்திருக்கிறது. ஏர்ன்ஸ்ற் சுண்டெல் என்ற ஜெர்மானியக் குடியேறி யூத இனப்படுகொலை நடக்கவேயில்லை என்று பிரசுரங்கள் அச்சடித்து விநியோகித்தவர். பொய்ச்செய்தி பரப்பிய குற்றத்துக்காக 1985 இலும் 1988 இலும் இங்கே விசாரிக்கப்பட்டார். இரண்டாம் விசாரணைக்காக, மரணதண்டனைக் கருவிகள் செய்துவந்த பிரெட் லூக்டர் என்ற அமெரிக்கர் அவுஷ்விற்ஸ் முகாமுக்குப் போய், சுவர்களில் துண்டுகள் உடைத்து, கள்ளமாகக் கொண்டுவந்து, எங்கிருந்து வந்தவை என்று சொல்லாமல் ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்தார். சயனைட் மிகக் குறைவு என்று வந்தது. பார்த்தீர்களா, நச்சுவாயுவே இல்லை என்றார்கள். பின்னர் அதே ஆய்வுகூடத்து இரசாயனவியலாளர் விளக்கினார்: அந்த வாயு சுவரின் மேற்பரப்பில் பத்து மைக்குரோன் ஆழத்துக்கு மேல் போகாது, தலைமயிரின் தடிப்பே நூறு மைக்குரோன். முழுத் துண்டையும் இடித்து மாவாக்கிச் சோதித்தால் உள்ள கொஞ்சமும் கரைந்துபோகும். ஆய்வுகூடம் பொய் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னது. பொய் கேள்வியில் இருந்தது. பிறகு போலந்தின் கிராக்கோ தடயவியல் நிறுவனம் கேள்வியைச் சரியாகக் கேட்டு, 1994 இல் சயனைட் எச்சத்தைக் காட்டியது. (சுண்டெல் தண்டிக்கப்பட்டாலும், 1992 இல் கனடிய உச்சநீதிமன்றம் அந்தப் பொய்ச்செய்திச் சட்டத்தையே செல்லாததாக்கிவிட்டது. அது வேறு கதை.)

இனிச் செம்மணிக்கு வருவோம். 1996 செப்ரெம்பர் 7 ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் திரும்பிய சுண்டிக்குளி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி அங்கே காவலரணில் மறிக்கப்பட்டாள். அவளும், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998 யூலையில் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, முந்நூறு நானூறு பேர் செம்மணியில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கொழும்பு மேல்நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் தோண்டினார்கள். 15 எலும்புக்கூடுகள் வந்தன. இருவர் 1996 இல் காணாமற்போனவர்களாக அடையாளம் காணப்பட்டார்கள். அதன் பிறகு இருபத்தைந்து வருடமாக மறுப்பவர்களின் வாய்ப்பாடு ஒன்றுதான்: ‘முந்நூறு என்றான், பதினைந்துதானே வந்தது.’ 2025 பெப்ரவரியில், அதற்குக் கிட்டவுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்ட அத்திவாரம் வெட்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற உத்தரவோடு, பேராசிரியர் ராஜ் சோமதேவவின் தலைமையில் தோண்டினார்கள். செப்ரெம்பர் தொடக்கத்தில் எண்ணிக்கை 240 அளவுக்கு வந்துவிட்டது. சிறையிலிருக்கும் சோமரத்ன, சர்வதேச விசாரணை என்றால் தான் சாட்சி சொல்வார் என்று அந்த ஆகஸ்றில் அவர் மனைவி ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார்.

மறுப்பும் உடனே புதுப்பதிப்புக் கண்டது.

எங்கள் குசினியில் என்னோடு நிற்கும் ஒருவர் சிங்களவர், ஐம்பது கடந்தவர். நான் அவரை ‘அய்யா’ என்பேன் (அவர்கள் பாஷையில் அண்ணன்), அவர் என்னை ‘மல்லி’ என்பார். நல்ல மனிதர். ஒஷாவாவில் பனிகொட்டும் இரவுகளில் பஸ் நின்றுவிட்டால் என்னை வீட்டில் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். அவர் சட்டி கழுவிக்கொண்டே கேட்டார்: “மல்லி, சுடலையைத் தோண்டினால் எலும்புதானே வரும்?”

இது கெட்டிக்காரத்தனமான கேள்வி. இதற்குக் கத்தி மறுமொழி சொல்ல ஏலாது. சைவர் எரிப்பவர்களல்லவா என்று எம்மவர் சொல்வார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை. சின்னப்பிள்ளைகளை நாங்கள் தாழ்ப்பதுதான் வழக்கம். ஆகவே அங்கே பிள்ளை எலும்பு இருப்பதைமட்டும் வைத்து வாதாட முடியாது. நான் அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: “அய்யா, செத்தவீடு செய்து தாழ்க்கிற சனம் ஆழமாய்க் கிடங்கு வெட்டும். துணி சுத்தும். ஆளுக்கொரு கிடங்கு இருக்கும். இது ஆழமில்லாத குழி, உடுப்பில்லை, ஒண்டுக்கு மேலே ஒண்டாய்க் கிடக்குது.” எலும்பு அல்ல, எலும்பு கிடந்த கிடைதான் அங்கே சாட்சி. இலங்கையின் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் 2025 ஆகஸ்றில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, இவை சட்டப்படியான அடக்கங்கள் அல்ல என்று கருத நியாயம் உண்டு என்ற விதத்தில்தான் எழுதியது.

அய்யா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு மன்னாரை எடுத்தார். எதிர்பார்த்ததுதான்.

மன்னாரில் 2018 இல் சதொச கட்டட வளவில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள பீற்றா அனலிற்றிக் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் மறுமொழி வந்தது: கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை. அன்றிலிருந்து எந்தப் புதைகுழியைப் பற்றிக் கதைத்தாலும் மறுப்பவர்கள் மன்னாரைத்தான் மேசையில் போடுகிறார்கள். அய்யாவும் அந்தச் செய்தியைக் கைத்தொலைபேசியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

ஆனால் அய்யாவின் ஊர் மாத்தளைப் பக்கம். அவருடைய ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் 1989 இல் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர். 2012 இன் கடைசியில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தபோது, அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்று இதே சோமதேவ சொன்னார். ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு நசுக்கிய காலம் அது. அந்நாட்களில் மாத்தளையில் இராணுவப் பொறுப்பில் இருந்தவர் கோத்தபாய ராஜபக்ச. பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு, வெளிநாட்டு ஆய்வுகூட அறிக்கையைக் காட்டி, எலும்புகள் 1950க்கு முந்தையவை என்று கோப்பை மூடியது. அந்த ஆய்வுகூடமும் பீற்றா அனலிற்றிக்தான். மாத்தளை அறிக்கை பச்சைப்பொய், காசுகொடுத்து வாங்கியது என்கிறார் அய்யா. மன்னார் அறிக்கை விஞ்ஞானம்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம்வரவில்லை. காரணம், மன்னார் அறிக்கை வந்தபோது ரொறன்ரோவில் எம்மவர் கதைத்ததும் அதே வசனம்தான்: காசுகொடுத்து வாங்கியது. ஆதாரம் கேட்டால் இல்லை.

பல்கலைக்கழகத்தில் முடிக்காமல் விட்டுவந்த இரண்டு வருடத்தில் நான் படித்தது இரசாயனம். அந்த அரைகுறை அறிவை வைத்துச் சொல்கிறேன். கார்பன் 14 இன் அரைவாழ்வு 5,730 வருடம். உயிர் போனபின் எலும்பில் அது மெல்லமெல்லக் குறையும், அந்தக் குறைவே கணக்கு. இதை வைத்து 1994 இல் செத்தவரையும் 1996 இல் செத்தவரையும் பிரித்தறிய ஏலாது. ஆனால் வல்லரசுகள் 1950களிலும் 60களிலும் வானத்தில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன் 14 ஏறத்தாழ இரட்டிப்பாகியது. அதற்குப் பின் வாழ்ந்த ஒவ்வொருவர் உடம்பிலும் அந்த முத்திரை இருக்கிறது; உங்களிலும் இருக்கிறது, என்னிலும் இருக்கிறது. பல்லின் மேற்பூச்சு சின்னவயதில் உருவாகிப் பிறகு மாறாததால், பல்லை வைத்துப் பிறந்த வருடத்தையே கிட்டத்தட்டச் சொல்லலாம். ஆகவே தொண்ணூறுகளில் கொல்லப்பட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனின் எலும்பைப் பதினைந்தாம் நூற்றாண்டு என்று சரியாகச் செய்யப்பட்ட ஒரு சோதனை சொல்லாது. மன்னாரில் சோதித்த அந்த ஆறு மாதிரிகளும் பழையவை என்றால் பழையவைதான். அதை ஏற்றுக்கொள்வதில் எமக்கு நட்டம் எதுவுமில்லை. ஏற்க மறுத்தால்தான் நட்டம், ஏனென்றால் நாளைக்குச் செம்மணிக்காக நாங்கள் சாட்சிக்கூண்டில் ஏற்றவேண்டியதும் இதே சோதனையைத்தான்.

நியாயமாகக் கேட்கவேண்டியது வேறு. முந்நூறில் ஆறை யார் தெரிந்தார்கள்? எந்தப் படையிலிருந்து எடுத்தார்கள்? மேல்படையும் கீழ்படையும் ஒரே காலத்தனவா? இவை மண்ணைப் பற்றிய கேள்விகள். லஞ்சத்தைப் பற்றியவை அல்ல. இன்னொன்றும் உண்டு. 1544 இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற அறுநூறு பேரளவில் வெட்டுவித்தவன் எங்கள் சங்கிலி மன்னன். அந்த எலும்புகள் அவர்களுடையவை என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொல்ல ஒரு சான்றும் இல்லை. ஆனால் ‘நானூறு ஐந்நூறு வருடப் பழசு’ என்றதும் இரண்டு பக்கத்துக்கும் அக்கறை போய்விட்டது பாருங்கள், அது எனக்கு உறுத்துகிறது.

எண்களிலும் எம்மவரின் கை தாராளம். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் சொன்னது, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பது. 2012 இல் வந்த சார்ள்ஸ் பெற்றியின் உள்ளக அறிக்கை 70,000 க்கு மேலும் இருக்கலாம் என்றது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த 146,679 என்ற எண் வேறுவகையானது. கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்த 429,059 பேரில், வெளியே வந்த 282,380 பேரைக் கழித்தால் மிஞ்சுவது அது. இவர்களுக்கு என்ன நடந்தது என்று ஆயர் கேட்டார். கேள்வியை எடுத்துப் பதிலாக்கி, பதாகையில் எழுதி, ‘கொல்லப்பட்டோர்’ என்று தலைப்பும் போட்டவர்கள் எம்மவர். அத்தோடு வேறு நாட்டு யுத்தத்துப் பிள்ளையின் படத்தை முள்ளிவாய்க்கால் என்று சுற்றுக்கு விடுவார்கள். மறுப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஒரு படத்தைக் காட்டியே நூறு உண்மையான படங்களை மூடிவிடுவான்.

ஒன்ராறியோவின் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டத்தின் கதையும் இதுதான். 2021 மேயில் நிறைவேறியது. சிங்கள அமைப்புகள் வழக்குப் போட்டன. 2022 இல் தோற்றன, மேன்முறையீட்டிலும் தோற்றன, 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றமும் கேட்க மறுத்தது. நல்லது. ஆனால் நீதிமன்றம் தீர்மானித்தது மாகாணத்துக்கு அப்படியொரு சட்டம் இயற்ற அதிகாரம் உண்டா என்பதை. இனப்படுகொலை நடந்ததா என்பதை அல்ல. ‘கனடிய நீதிமன்றம் இனப்படுகொலையை உறுதிசெய்தது’ என்று எழுதியவர்கள் தீர்ப்பை வாசிக்கவில்லை, அல்லது வாசகர் வாசிக்கமாட்டார் என்று நம்பினார்கள். பிரம்ரனில் அந்த மே மாதம் நினைவுத்தூபி திறந்தபோது கொழும்பு கனடியத் தூதுவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. கண்டித்தவர்கள் சொன்னது, இனப்படுகொலை என்று எங்கும் நிரூபிக்கப்படவில்லை என்பது. எலும்பால் அதை நிரூபிக்க ஏலாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவர் எப்படி, எப்போது கொல்லப்பட்டார் என்று எலும்பு சொல்லும். 1948 இன் உடன்படிக்கை கேட்பதோ எண்ணத்தை, ஓர் இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் எண்ணத்தை. அது மண்ணுக்குள் இல்லை. மேலே சொன்ன எழுபதாயிரம் என்ற கணக்கில் இருக்கலாம், அந்தக் கணக்குக்கு அளந்து அனுப்பிய மருந்தில் இருக்கலாம். அந்தக் கடதாசிகளைத் தேடுவோர் எம்மிடையே எத்தனை பேர்?

இன்னுமொன்றையும் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அய்யாவை மட்டும் குறைசொன்னதாகிவிடும். 1990 ஆகஸ்ற் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டது யாரென்று கேட்டால், ‘இராணுவம் செய்துவிட்டு எங்களில் போட்டது’ என்று இன்றைக்கும் சொல்கிற தமிழரை எனக்குத் தெரியும். சுவரில் துவாரம் இன்னும் இருக்கிறது. அதற்கு முந்தின மாதம் குருக்கள்மடத்தில் மறித்துக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் குடும்பங்கள் அந்தப் புதைகுழியைத் தோண்டச் சொல்லிக் கேட்டன. 2014 இல் தோண்டாமல் விடப்பட்டது. 2025 இல் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்தது. செம்மணிக்கு அறிக்கை விட்ட எங்கள் சங்கங்களில் ஒன்றாவது குருக்கள்மடத்துக்கு ஒரு வரி எழுதியதா? அங்கே எலும்பு வந்தால் அதன் வயதைப் பற்றி எம்மவர் என்ன கேள்வி கேட்பார்கள் என்று இப்போதே ஊகிக்கமுடிகிறது.

2025 ஆகஸ்ற் 5 ஆம் திகதி செம்மணியில், குழிகளிலிருந்து எடுத்த பொருட்களைச் சில மணிநேரம் சனத்துக்குக் காட்டினார்கள். உடுப்புத் துண்டுகள், செருப்பு, வளையல், பால்போத்தல், ஒரு பொம்மை, நாலைந்து வயதுப் பிள்ளையொன்றோடு கிடந்த நீலநிறப் புத்தகப்பை. பார்க்கப் போனவர்கள் அங்கே மிஞ்சியிருக்கும் வயதான தாய்மார். தொண்ணூறுகளில் பிள்ளையையோ புருஷனையோ தொலைத்துவிட்டு வெளிநாடு வந்தவர்கள் ஸ்காபரோவில், பாரிஸில், சென்னையில் இருக்கிறார்கள். அந்தப் பையை யார் வாங்கிக்கொடுத்தது என்று தெரிந்த ஒருவர் எஜக்ஸில் ஏதோ ஒரு நிலவறை வீட்டில் இருக்கக்கூடும். அவருக்கு அதைக் காட்டவோ, அவருடைய மரபணு மாதிரியை முறைப்படி எடுத்துவைக்கவோ, தொலைந்த நாளும் உடுத்திருந்த உடுப்பும் எதுவென்று கேட்டு எழுதிவைக்கவோ இந்த நகரத்தில் ஓர் ஏற்பாடும் நான் அறிய இல்லை. ஒரு மண்டபம், ஒரு வைத்தியர், நாலு கொப்பி, சனிக்கிழமைகளில் வந்திருந்து எழுத இரண்டு பேர். திங்களும் செவ்வாயும் எனக்கு வேலையில்லை, அந்த நாட்களிலும் எழுதலாம்.